எல்லோரும் ஒன்றாய்ப் பின்னுக்கு

வடகரைக் கோல்ஃப் கழகத்தில் பந்தை அடிப்பதற்கு அனுமதி இல்லை.

கழகம் காங்கேசன்துறைக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தபடி முள்ளுக்கம்பி வேலிக்குள் இருந்தது. வடக்கே போகிற பந்து கடலில் விழும். அந்தக் கடற்கரை ஒரு திணைக்களத்தின் பொறுப்பு. கிழக்கே போகிற பந்து கண்ணிவெடி அகற்றி முடியாத பற்றைக்குள் விழும். அது வேறொரு திணைக்களத்தின் பொறுப்பு. முதலில் மற்றவர் கையெழுத்து வைக்கட்டும் என்று இரண்டு திணைக்களமும் காத்திருந்தபடியால், பந்து அடிக்கும் அனுமதி வருகிறது, வருகிறது என்று இரண்டு மாரி கழிந்துவிட்டது. அதுவரை கழகம் சும்மா இருக்க முடியுமா? மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை என்று ஒரு சட்டத்தரணி சொன்னார். ஆகவே கழகம் அதைக் கற்பித்தது. அதிலும் முழுப் பின்வீச்சை அல்ல, தொடக்கத்தை மட்டும். மட்டை நிலத்தை விட்டுக் கிளம்பி இடுப்பு உயரத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலே தூக்கினால், தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது வேறு ஏதோ ஆயுதமாகத் தெரியக்கூடும்.

தியாகலிங்கம் இந்தக் கழகத்தில் சேர்ந்தது விளையாட்டு ஆசையினால் அல்ல. அவர் கொக்குவிலில் ஓர் இரும்புக்கடையில் ஆணியும் பெயின்றும் விற்றுக்கொண்டு நின்ற மனிதர். வயது அறுபதை நெருங்கியிருந்தது. பரம்பரையாகக் காங்கேசன்துறைக் கரையில் வள்ளம் வைத்திருந்த குடும்பம். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டபோது அவர்களும் வெளிக்கிட்டார்கள். வெளிக்கிடுவதற்கு முதல்நாள் வளவுக்குள் ஷெல் விழுந்து, தியாகலிங்கத்தின் அண்ணை சோமசேகரம் கிணற்றடிக்கும் பதுங்குகிற பங்கருக்கும் இடையில் செத்துப்போனார். சுடலைக்குக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. தகப்பனும் தியாகலிங்கமும் அவரை வள்ளத்துப் பாய்ச்சீலையில் சுற்றி மாதுளைக்குக் கீழே தாட்டார்கள். ஒரு கிழமையில் திரும்பி வந்து எடுத்து எரிக்கலாம் என்று தகப்பன் சொன்னார். அந்தக் கிழமை முப்பது வருடத்தைத் தாண்டிவிட்டது. தகப்பன் போனார், தாய் போனார், இருவரையும் முறைப்படி எரித்தாயிற்று. எரியாமல் கிடந்தவர் அண்ணை ஒருவர்தான்.

இராணுவத்திடமிருந்து காணிகள் விடுபடுகின்றன என்று பத்திரிகையில் வந்த அன்று, அவருடைய மனைவி மீனாம்பிகை மண்வெட்டிக்குப் புதுப்பிடி போட்டு வைத்தார். காணி விடுபட்டது உண்மைதான். ஆனால் அது கழகத்துக்கு விடுபட்டிருந்தது.

கழகத் தலைவர் அன்புராஜா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, லண்டனில் பெரிய கணக்காளராக இருந்து, ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று திரும்பி வந்தவர். பண்பான மனிதர். வாசலில் மண்வெட்டியோடு நின்ற தியாகலிங்கத்தை உள்ளே கூப்பிட்டு, கதிரை கொடுத்து, குளிர்ந்த தோடம்பழச் சாறு கொடுத்து, கண்ணாடிச் சன்னலால் அவருடைய காணியை அவருக்கே காட்டினார். வீடு இல்லை. மதில் இல்லை. மாதுளை இல்லை. கிணற்றுக்கட்டு மட்டும் அப்படியே இருந்தது, புல்லுக்குத் தண்ணீர் அதிலிருந்துதான் போனது. கிணறு இருந்தபடியால் மற்றதெல்லாம் எங்கெங்கே நின்றன என்பது தியாகலிங்கத்துக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்தது. மாதுளை நின்ற இடத்தில், ஒரு குழியைச் சுற்றி, பாய் விரித்ததுபோல வட்டமாகப் புல் நறுக்கியிருந்தார்கள். கழகத்தார் அப்படிப்பட்ட வட்டத்தைப் ‘பச்சை’ என்று சொன்னார்கள். சோமசேகரம் நாலாம் பச்சைக்குக் கீழே இருந்தார்.

தியாகலிங்கம் விசயத்தைச் சொன்னார். அன்புராஜா எழும்பி நின்று, ஒரு நிமிடம் தலை குனிந்து மௌனமாக இருந்தார். பிறகு உட்கார்ந்து சொன்னார்:

“நாங்கள் உங்கடை காணியைப் பறிக்கேல்லை, அண்ணை. முப்பது வருசம் பற்றையாய்க் கிடந்த நிலத்துக்கு ஒரு மரியாதை குடுத்திருக்கிறம். உந்தப் புல்லு மலேசியாவிலயிருந்து கப்பலில வந்தது. அதுவும் எங்களை மாதிரித்தான், இடம்பெயர்ந்து வந்து இப்பதான் வேர் பிடிக்குது. அதை வெட்டச் சொல்லி ஒரு மனிசன் கேக்கலாமோ?”

பச்சைக்குப் பக்கத்தில் மணல் நிரப்பிய பெரிய குழி ஒன்று தெரிந்தது. அது என்ன என்று தியாகலிங்கம் கேட்டார். பங்கர் என்றார் அன்புராஜா. இப்போது யார் அடிக்கிறார்கள், எதற்குப் பங்கர் என்று அவர் பதறினார். அன்புராஜா சிரித்து, கோல்ஃப்பில் பங்கருக்குள் விழாமல் இருப்பதுதான் கெட்டித்தனம் என்று விளக்கினார். முந்தி விழுந்தவர்கள்தான் தப்பினார்கள் என்று தியாகலிங்கம் சொன்னது அவருக்கு விளங்கவில்லை.

கடைசியில் ஒரு வழி சொல்லப்பட்டது. புல்லில் கால் வைக்க உறுப்பினருக்கு மட்டுமே உரிமை. காணிக்காரர் எவரும் தொடக்கப் பின்வீச்சில் சித்தியடைந்தால் உறுப்பினராகலாம். உறுப்பினரானால் நாலாம் பச்சையில் நின்றுகொண்டே விதிக்குழுவிடம் தன் கோரிக்கையை வைக்கலாம். விதிக்குழு அதை அனுதாபத்தோடு பரிசீலிக்கும்.

அந்தச் சனிக்கிழமையே தியாகலிங்கம் பயிற்சிக்குப் போனார்.

பயிற்றுநர் கெல்வின் முன்னர் ஒரு பள்ளிக்கூடத்தில் பாண்ட் வாத்தியக் குழுவை நடத்தியவர். மலேசியாவில் குறுகிய காலப் பயிற்சி பெற்று வந்தவர். கழுத்தில் விசில், கையில் ஒரு முழ நீளத்தில் பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாய். உடம்பு முழுவதும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும் என்பதுதான் அவருடைய வேதம்.

“தோள், கை, மட்டை, இடுப்பு. நாலும் ஒண்டாய் வெளிக்கிட வேணும். கை தனிய வெளிக்கிட்டா அது கோல்ஃப் இல்லை அண்ணை, காணிச் சண்டை.”

கை தனியாக வெளிக்கிடாமல் இருக்க, லொறி ரியூப்பை நாடாவாக வெட்டி எல்லோருடைய முழங்கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். இறுகக் கட்டியதில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருக்கு மூச்சு நின்று, அவரை வாங்கிலில் கிடத்தித் தண்ணீர் தெளித்தார்கள். மூச்சு நின்ற நேரத்தில் அவருடைய தோள்கள் மிக அழகாகத் தளர்ந்திருந்ததைக் கெல்வின் மற்றவர்களுக்குக் காட்டினார். நாடாவை மீறி யாருடைய மணிக்கட்டாவது முந்தினால் அதன்மேல் குழாய் விழுந்தது. முதலில் மெல்ல விழுந்தது.

தியாகலிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றவர் சிவகரன், ஓய்வுபெற்ற ரயில் காட், பக்கத்துக் காணிக்காரர். வாழ்நாள் முழுக்கப் பச்சைக்கொடி ஆட்டிய மணிக்கட்டு அவருடையது. அது சும்மா இருக்கச் சம்மதிக்கவில்லை. கெல்வின் மூன்றுதரம் மன்னித்தார். நாலாம்தரம் குழாயை இரண்டு கையாலும் பிடித்து அடித்தார். காய்ந்த பூவரசந்தடி முறிந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. சிவகரன் முழந்தாளில் இருந்து, வாயைத் திறந்தபடி, சத்தம் வராமல் அழுதார்.

அடுத்த சனிக்கிழமை அவர் முழங்கைவரை பிளாஸ்ரர் போட்ட கையோடு முறைப்பாடு சொல்ல வந்தார். கெல்வின் அவரைப் பேசவிடாமல் மட்டையைக் கையில் கொடுத்து விசில் ஊதினார். பழக்கத்தில் சிவகரன் மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோனார். மணிக்கட்டு மயிரிழைகூட அசையவில்லை. நிர்வாகக் குழு எழும்பி நின்று கைதட்டியது. அன்புராஜா தானே வந்து அவருடைய சேட்டில் உறுப்பினர் சின்னத்தைக் குத்தினார். கழகத்தின் வரலாற்றில் முதன்முதலாகச் சித்தியடைந்த உள்ளூர் மனிதர் சிவகரன்தான். அதன்பிறகு இரண்டு பேர் தாங்களாகவே கையை நீட்டிக்கொண்டு கெல்வினுக்கு முன்னால் நின்றார்கள்.

தியாகலிங்கமும் அதை யோசிக்காமலில்லை. ஆனால் கை முறிந்தால் கடையில் பெயின்ற் வாளி தூக்குவது யார்?

பிறகு வரிசைப் பயிற்சி தொடங்கியது. புல் பழுதாகாமல் இருக்க, எல்லோரும் ஒரே ஒடுங்கிய கீற்றில் தோளோடு தோள் நிற்கவேண்டும் என்று குழு தீர்மானித்தது. விசில் ஊதியதும் எல்லோருடைய மட்டையும் வலப்பக்கமாகப் பின்னுக்குப் போகும். வலப்பக்கம் நிற்கிறவருடைய கணுக்காலில் விழும். இடைவெளி விட்டு நிற்கலாமே என்று தியாகலிங்கம் கேட்டார். கெல்வின் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். எல்லோரும் ஒரே கணத்தில் திரும்பினால் எவருக்கும் படாது, ஆகவே அடி வாங்குகிறவர் பிந்தியவர், பிந்தியவர்தான் குற்றவாளி. இது கணிதம் என்றார் அவர். அன்று முதல், இரத்தம் வந்தவர்கள் மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நடைமுறை வந்தது.

எலும்பில் இரும்பு படுகிற சத்தம் ஒவ்வொரு விசிலுக்கும் வரிசை நெடுகக் கேட்டது. தபாலதிபரின் முழங்கால் சில்லு விலகியது. தியாகலிங்கம் வலித்த காலைத் தடவக் குனிந்த நேரத்தில், இடப்பக்கம் மாதிரி உறுப்பினராக நிறுத்தப்பட்டிருந்த சிவகரனின் பிளாஸ்ரர்க் கை எதையும் உணராமல் வந்து, மட்டை வாயில் பட்டது. முன்பல் இரண்டு போயின. இரத்தத்தைத் துப்பினார். கெல்வின் பதறியடித்து ஓடிவந்து, புல்லுக்கு உப்பு ஆகாது என்று வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவவைத்தார்.

வாய் வீங்கிய அந்த வாரத்துக்குப் பிறகு தியாகலிங்கத்தில் ஒரு மாற்றம் வந்தது. விசில் கேட்டதும் உடம்பு தானாகவே திரும்பியது. தோளும் கையும் மட்டையும் இடுப்பும் ஒன்றாய் வெளிக்கிட்டன. வலப்பக்கம் நின்ற தபாலதிபரின் கணுக்காலில் மட்டை விழுந்தபோது அவர் நிறுத்தவில்லை. அடுத்த விசிலுக்கு இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தார். அந்தக் கிழவர் விழுந்து, “பிந்திட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று கும்பிட்டபோது தியாகலிங்கத்தின் மனதுக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது. அதை அவர் வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸுக்குள் இருந்து நினைத்துப்பார்த்துத் திடுக்கிட்டார்.

மீனாம்பிகை அவருடைய காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் அதைச் சொன்னார். மீனாம்பிகை தடவுவதை நிறுத்தினார்.

“நீங்கள் செத்த அண்ணையை எடுக்கப் போறியளோ, இருக்கிற ஆக்களைச் சாக்கொல்லப் போறியளோ?” என்றார். “ஒண்டை முடிவெடுத்துப்போட்டுப் போங்கோ.”

அவர் அடுத்த சனிக்கிழமை சித்தியடைந்தார்.

உறுப்பினரானதும் விதிக்குழுவுக்கு முன்னால் போய் நின்றார். விதிக்குழு என்பது தேவகுமாரி ரீச்சர் ஒருவர்தான். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், கோல்ஃப் விதிப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடியே நடப்பவர். அவர் அனுதாபத்தோடுதான் பரிசீலித்தார். நிலத்துக்குள் பதிந்திருக்கும் எதுவும் மைதானத்தின் பகுதி, அதைத் தொட ஒருவருக்கும் உரிமையில்லை என்று தீர்ப்புச் சொல்லி, தியாகலிங்கத்தின் தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

மாசி மாதத்தில் கழகத்தின் திறப்புவிழா வந்தது. கொழும்பிலிருந்து ஓர் உயர் அதிகாரி பிரதம விருந்தினராக வந்தார். நாலாம் பச்சையில் நின்றால் கடலும் படத்தில் விழும் என்பதால் விழா அங்கேயே நடந்தது. காணிக்காரர்கள் எல்லோரும் வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சப்பாத்துமாக, கட்டுப்போட்ட கால்களோடும் பிளாஸ்ரர்க் கைகளோடும், பச்சையின் விளிம்பில் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். வாத்தியம் முழங்கியது. அன்புராஜா பேசினார்.

“எல்லோரும் முன்னேற்றம், முன்னேற்றம் என்கிறார்கள். எங்கள் கழகம் மட்டும்தான் துணிந்து சொல்கிறது: முதலில் எல்லோரும் ஒன்றாய்ப் பின்னுக்குப் போகவேண்டும். தனியே பின்னுக்குப் போவது தோல்வி. ஒற்றுமையாகப் பின்னுக்குப் போவது ஒழுக்கம். இங்கே நிற்கும் இந்த மண்ணின் மைந்தர்கள், இத்தனை காலப் பயிற்சியில், ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. அடிக்கவேண்டும் என்று கேட்கவும் இல்லை. இந்த மக்களுக்கு ஏதும் கொடுத்தால்தான் திருப்திப்படுவார்கள் என்று யார் சொன்னது? தொடங்க விட்டால் போதும்.”

பலத்த கைதட்டல். விசில் ஊதப்பட்டது. வரிசை முழுவதும் ஒன்றாய்த் திரும்பி, இடுப்பு உயரத்தில் நின்றது. இரண்டு இடத்தில் மட்டும் எலும்புச் சத்தம் கேட்டது. விருந்தினர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பந்தை எப்போது அடிப்பார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். குழுவுக்குள் கசமுசா எழுந்தது. அன்புராஜா அனுமதி விசயத்தை அவருடைய காதுக்குள் சொன்னார். விருந்தினர் சிரித்து, தானே அனுமதி தருவதாகவும், ஒரே ஒரு பந்தை யாராவது அடித்துக் காட்டட்டும் என்றும் சொன்னார். காணிக்காரர் ஒருவர் அடித்தால் பத்திரிகைக்கு நல்லது என்று முடிவாகியது. பச்சை நின்ற காணி யாருடையதோ அவரே அடிக்கட்டும் என்றார் அன்புராஜா பெருந்தன்மையோடு.

தியாகலிங்கம் முன்னுக்கு வந்தார். மாதுளை நின்ற இடத்தில் கெல்வின் பந்தை வைத்தார். தியாகலிங்கம் மட்டைகள் இருந்த பையைப் பார்த்து, ஆகப் பாரமான இரும்பு மட்டையைத் தெரிந்தெடுத்தார். பந்துக்கு முன்னால் கால்களை விரித்து நின்றார்.

தோள், கை, மட்டை, இடுப்பு நாலும் ஒன்றாய் வெளிக்கிட்டன. கெல்வினுக்குக் கண் கலங்கியது. படப்பிடிப்பாளர்கள் படம் எடுத்தார்கள். மட்டை இடுப்புக்கு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், ஏனென்றால் அவர்கள் அறிந்தமட்டில் ஆட்டம் அவ்வளவுதான். தியாகலிங்கம் நிறுத்தவில்லை. மட்டை தலைக்கு மேலே போய், அங்கிருந்து முழுப் பலத்தோடு கீழே இறங்கியது. பந்தில் படவில்லை. நிலத்தில் ஒரு சாண் இறங்கியது.

புதிய ஆட்டக்காரர்களுக்கு மண்ணில் படுவது வழக்கம் என்று கெல்வின் விருந்தினருக்கு விளக்கினார். இரண்டாம் அடியில் மலேசியப் புல் கட்டியாகப் பறந்து விருந்தினரின் சப்பாத்தில் விழுந்தது. மூன்றாம் அடிக்கும் விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகு விளக்கம் எடுபடவில்லை. தியாகலிங்கம் அடித்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார். பிடிக்கப் போன கெல்வினின் தாடையில், மேலே போகிற வழியில் மட்டை பட்டது. அவர் சத்தமில்லாமல் மணற் பங்கருக்குள் சரிந்தார். காவலர்கள் ஓடிவந்து தியாகலிங்கத்தின் முதுகிலும் தலையிலும் தடியால் அடித்தார்கள். ஒரு காது கிழிந்து தொங்கியது. அவர் முழந்தாளில் இருந்துகொண்டு கையால் மண்ணை வாரினார். பிறகு காவலர்களும் நிர்வாகக் குழுவும் பின்னால் நின்ற வரிசைக்குள் புகுந்து அவருடைய காலைப் பிடித்து இழுத்தார்கள்.

ஒழுங்கை நிலைநாட்ட, பங்கருக்குள் கிடந்த கெல்வின் இரத்தம் வழிந்த வாயில் விசிலை வைத்து ஊதினார்.

காணிக்காரர்கள் எதையும் யோசிக்கவில்லை. விசில் கேட்டது, உடம்பு திரும்பியது. இத்தனை மாதங்களில் முதன்முறையாக எவரும் பிந்தவில்லை. எல்லா மட்டையும் ஒரே கணத்தில் பின்னுக்குப் போய், வரிசைக்குள் நின்ற காவலர்களையும் பொருளாளரையும் உபதலைவரையும் தேவகுமாரி ரீச்சரையும் கணுக்காலோடு வெட்டி விழுத்தியது. அன்புராஜா விழுந்த வேகத்தில் முகம் கிணற்றுக்கட்டில் அடிபட்டது. கெல்வின் நிறுத்தச் சொல்லி மறுபடியும் ஊதினார். மறுபடியும் திரும்பினார்கள். அவர் ஊத ஊத அடி விழுந்தது. கடைசியில் தபாலதிபர் நொண்டிக்கொண்டு போய் விசிலைப் பறித்து எறிந்தார்.

அந்த அமைதிக்குள் தியாகலிங்கத்தின் விரலில் பாய்ச்சீலை தட்டுப்பட்டது.

இழுத்தார். உக்கிய சீலை கையோடு வந்தது. பிறகு ஒரு நெஞ்செலும்பு, அதில் துருப்பிடித்துச் செருகிக் கிடந்த இரும்புத் துண்டு. பிறகு தலை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விருந்தினர் தொப்பியைக் கழற்றினார். பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அறிவிக்க வேண்டாமா என்று மெல்லக் கேட்டார். அன்புராஜா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி வந்தார். அடிபட்ட வாயில் ஆங்கிலம் வரவில்லை, தமிழ்தான் வந்தது.

“பொலிஸ் வந்தா பச்சையைச் சுத்தி மஞ்சள் நாடா கட்டிப்போடுவாங்கள், சேர். எலும்பு ஒரு நாளில போயிடும். புல்லுத் திரும்பி வர ரெண்டு வருசம். ரீச்சர், விதியில ஒண்டும் இல்லையோ?”

தேவகுமாரி ரீச்சர் நிலத்தில் இருந்தபடியே, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, புத்தகத்தைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்திருந்தது.

“பதிஞ்சு கிடக்கும் மட்டும் அது மைதானம்,” என்று அவர் வாசித்தார். “வெளியில வந்திட்டா அது தளர்பொருள். கல்லு, இலை, சுள்ளி, செத்த பிராணி. ஆட்டக்காரர் தண்டம் இல்லாமல் அகற்றலாம். அந்த இரும்புத் துண்டு மனிசர் செய்தது, அதுக்கு வேறை விதி. அதையும் அகற்றலாம்.” பக்கத்தைத் திருப்பினார். “ஆனால் ஆட்டத்தைத் தாமதப்படுத்தக்கூடாது.”

தியாகலிங்கம் வெள்ளைச் சேட்டைக் கழற்றி விரித்து, அண்ணையை ஒவ்வொன்றாக அதில் வைத்தார். இரும்புத் துண்டையும் வைத்தார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. சிவகரன் பிளாஸ்ரர்க் கையால் மண்ணை விலக்கி விரல் எலும்புகளைத் தேடிக் கொடுத்தார். உறுப்பினரல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லையென்று வெளிவாசலில் நிறுத்தப்பட்டிருந்த மீனாம்பிகை, கிழிந்த காதோடும் மூட்டையோடும் வந்த மனிதரைப் பார்த்தார். மூட்டையைத்தான் முதலில் வாங்கினார்.

அன்று பின்னேரமே கீரிமலைச் சுடலையில் எரித்தார்கள். எலும்பு மட்டும்தானே, நெருப்பு அதிக நேரம் எடுக்கவில்லை. தியாகலிங்கம் அழுவார் என்று மீனாம்பிகை எதிர்பார்த்தார். அவர் அழவில்லை. பசிக்கிறது என்றார்.

கழகம் அவரை நீக்கவில்லை. அவருடைய பின்வீச்சின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. விருந்தினர் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார். தோண்டிய குழிக்கு மணல் நிரப்பி இன்னொரு பங்கர் ஆக்கினார்கள். கெல்வினின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால், அவர் ஊதத் தொடங்கும்வரை தற்காலிகப் பயிற்றுநராகத் தியாகலிங்கத்தை நியமித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை கழக வாசலில் வரிசை நின்றது. வேலியோடு திரும்பி, றோட்டுக்கு இறங்கி, பழைய சீமெந்து ஆலைப் பக்கமாக நீண்டுபோனது. ஆண்கள், பெண்கள், பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர்கள். அன்புராஜா மேல்மாடியில் நின்று பார்த்தார். வடபகுதி மக்களிடையே கோல்ஃப் ஆர்வம் இவ்வளவு வேகமாகப் பரவும் என்று தான் கனவிலும் நினைக்கவில்லை என்று ஒரு நிருபருக்குச் சொன்னார்.

வரிசையின் முன்னால் சிவகரன் நின்றார். அவர் ஏற்கெனவே உறுப்பினர், வரத் தேவையில்லை. தியாகலிங்கத்துக்குக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, தன்னுடைய தாய் ஆறாம் பச்சைக்குக் கீழே இருப்பதாகச் சொன்னார்.

தியாகலிங்கம் தலையாட்டினார். எல்லோரையும் இடைவெளி விட்டு நிற்கச் சொன்னார். மட்டைகளைக் கொடுத்தார்.

“அவசரப்படாதையுங்கோ. மெல்லப் பின்னுக்குக் கொண்டு போங்கோ,” என்றார். “பந்தைப் பார்க்க வேண்டாம். நிலத்தைப் பாருங்கோ.”